மெதுவாக... ஆனால் எவ்வளவு மெதுவாக? இத்தாலியச் சொற்கள் சிலவற்றின் கதை

மேற்கத்திய சாஸ்திரிய இசையின் இசைத்தாள் எதை எடுத்துப் பார்த்தாலும், முதல் வரிக்கு மேலே இடது ஓரத்தில் ஒன்றிரண்டு சொற்கள் அச்சிடப்பட்டிருக்கும். இசையை எழுதியவர் ஜெர்மானியராக இருக்கலாம், ஆங்கிலேயராக இருக்கலாம், ரஷ்யராகக்கூட இருக்கலாம். ஆனால் அந்தச் சொல் மட்டும் பெரும்பாலும் இத்தாலிய மொழியில்தான் இருக்கும். அந்தப் பகுதியை எந்த வேகத்தில் வாசிக்க வேண்டும் என்று வாசிப்பவருக்குச் சொல்வது அதன் வேலை.

வேகமான இசைக்கு அலெக்ரோ, மிக வேகமான இசைக்கு பிரெஸ்டோ என்று எளிதாக நினைவில் வைத்துக்கொள்ளலாம். மெதுவான இசைக்கு வந்தால்தான் சிக்கல். லார்கோ, லென்ட்டோ, கிராவே, அடாஜியோ, அண்டான்டே என்று ஒரு கூட்டமே நிற்கிறது. போதாததற்கு லார்கெட்டோ, அடாஜியெட்டோ, அண்டான்டினோ என்று அவற்றின் குட்டிகள் வேறு! எல்லாமே 'மெதுவாக' என்றால் இத்தனை சொற்கள் எதற்கு? இவற்றில் எது அதிக மெது, எது குறைந்த மெது?

இசைத் தேர்வுக்குப் படிக்கும் மாணவர்களுக்கு இவற்றை ஒரு வரிசையாக மனப்பாடம் செய்யச் சொல்லிக் கொடுப்பார்கள். சுவாரசியமான விஷயம் என்னவென்றால், கடந்த 350 வருடங்களில் வெளிவந்த நூல்களைப் புரட்டினால் அந்த வரிசை ஆளுக்கு ஆள் மாறுகிறது. ஒருவருக்கு நடுத்தர வேகமாக இருந்த சொல், இன்னொருவருக்கு மிகவும் மெதுவான சொல். காரணம் எளிமையானது. இந்தச் சொற்கள் முதலில் வேகத்தைக் குறிக்கப் பிறந்தவையே அல்ல.

சொல்லின் பொருள் என்ன?

இத்தாலிய மொழியில் 'ஆஜியோ' என்றால் சௌகரியம், நிம்மதி. 'அடாஜியோ' என்பது 'அட் ஆஜியோ' என்பதன் சேர்க்கை. அதாவது 'சௌகரியமாக', 'அவசரமில்லாமல்', நம் பேச்சில் சொன்னால் 'சாவகாசமாக'. 'லார்கோ' என்றால் அகலம், விசாலம். 'கிராவே' என்றால் கனமான, கம்பீரமான. 'அண்டான்டே' என்பது நடத்தல் என்ற வினையிலிருந்து வந்தது. 'நடந்துகொண்டிருக்கும்' என்று பொருள். இவற்றில் நேரடியாக 'மெதுவான' என்ற பொருள் உள்ள சொல் 'லென்ட்டோ' ஒன்றுதான்.

வேகமான பக்கத்திலும் இதே கதைதான். 'அலெக்ரோ' என்றால் இத்தாலியருக்கு வேகம் அல்ல, மகிழ்ச்சி.

இன்னொரு வேடிக்கை பாருங்கள். ரொஸ்ஸினி 1816ல் எழுதிய 'செவீயா நகரத்து நாவிதன்' என்ற ஓபராவில் நாவிதன் ஃபிகாரோ மேடைக்கு வரும்போது பாடும் பாட்டு உலகப் புகழ் பெற்றது. அந்தப் பாட்டு 'லார்கோ' என்ற சொல்லில்தான் தொடங்குகிறது. ஆனால் பாட்டோ மூச்சுவிட நேரமில்லாத அளவு வேகம்! அங்கே 'லார்கோ' என்றால் 'வழி விடுங்கள்' என்று அர்த்தம். கூட்டத்தில் இடம் அகலமாக வேண்டும், அவ்வளவுதான். சொல்லின் இயல்பான பொருள் எது, இசைக்காரர்கள் ஏற்றிய பொருள் எது என்பது இதிலிருந்து விளங்கும்.

சொற்கள் இல்லாத காலம்

பதினைந்தாம், பதினாறாம் நூற்றாண்டுகளில் ஐரோப்பிய இசையில் இப்படிப்பட்ட சொற்களுக்குத் தேவையே இருக்கவில்லை. பாடகர் குழுவில் ஒருவர் கையை ஏற்றி இறக்குவார். அதுதான் கால அளவு. சுரங்களின் நீளம் அந்தக் கை அசைவோடு பொருந்தும்படி எழுதப்பட்டிருந்தது. அந்தக் கை எவ்வளவு வேகத்தில் அசைய வேண்டும்? 1496ல் மிலான் நகரில் கஃபூரியுஸ் என்பவர் வெளியிட்ட இசை நூல், அமைதியாக மூச்சுவிடும் மனிதனின் நாடித்துடிப்பை அதற்கு அளவாகச் சொன்னது. மெதுவான இசை வேண்டுமென்றால் நீளமான சுரங்களை எழுதுவார்கள், வேகம் வேண்டுமென்றால் குட்டையான சுரங்களை எழுதுவார்கள்.

வேகத்தைச் சொற்களால் எழுதிக்காட்டிய ஆரம்பகால உதாரணங்களில் ஒன்று இத்தாலியிலிருந்து வரவில்லை, ஸ்பெயினிலிருந்து வந்தது. 1536ல் வலென்சியாவில் லூயிஸ் டி மிலான் தன் நரம்பிசைக் கருவிக்கான நூலை வெளியிட்டபோது, எந்த இடத்தை நிதானமாகவும் எந்த இடத்தை விரைவாகவும் வாசிக்க வேண்டும் என்று ஸ்பானிய மொழியிலேயே குறிப்பிட்டார்.

1600க்குப் பிறகு இத்தாலியில் நிலைமை மாறியது. பாட்டின் சொற்களில் உள்ள சோகம், கோபம், ஏக்கம் எல்லாவற்றையும் இசை காட்ட வேண்டும் என்ற எண்ணம் வலுத்தது. ஒரே பாட்டுக்குள்ளேயே வேகம் மாற வேண்டிய தேவை வந்தது. ஃப்ரெஸ்கோபால்டி தன் விசைக்கருவி இசை நூலுக்கு 1615 வாக்கில் எழுதிய முன்னுரையில், தொடக்கப் பகுதிகளை அடாஜியோவாக வாசிக்கும்படி கேட்டுக்கொண்டார். மொன்தேவெர்தி ஒரு படி மேலே போனார். 1638ல் வெனிஸில் வெளிவந்த அவருடைய எட்டாவது மாட்ரிகல் தொகுப்பில், காதலன் கைவிட்ட ஒரு பெண்ணின் புலம்பல் இருக்கிறது. கூடப் பாடும் மூன்று ஆண்களும் கைத்தாளத்துக்குப் பாட வேண்டும், ஆனால் அந்தப் பெண் மட்டும் கைத்தாளத்தைப் பார்க்காமல் தன் மனத்தின் உணர்ச்சிக்கு ஏற்பப் பாட வேண்டும் என்று அவர் குறிப்பு எழுதினார்.

கையின் காலம், மனத்தின் காலம் என்ற இந்தப் பிரிவில்தான் நம் சொற்களின் கதை தொடங்குகிறது. கை காட்ட முடியாததைச் சொல்லத்தான் சொல் தேவைப்பட்டது.

ஏன் இத்தாலி?

காரணம் மொழியின் பெருமை அல்ல, சந்தை. பல குரல் இசையை அசையும் அச்செழுத்துகளில் அச்சிடும் தொழிலை 1501ல் வெனிஸில் பெத்ருச்சி தொடங்கிவைத்தார். காசு கொடுத்து யார் வேண்டுமானாலும் பார்க்கக்கூடிய முதல் பொது ஓபரா அரங்கம் 1637ல் அதே வெனிஸில் திறக்கப்பட்டது. இத்தாலியப் பாடகர்களும் வயலின் வித்வான்களும் வியன்னா, டிரெஸ்டன், லண்டன் என்று அரண்மனைதோறும் வேலைக்குப் போனார்கள். அவர்களோடு அவர்களின் தொழில் பேச்சும் போயிற்று. கிரிக்கெட் விளையாடும் ஊர்களிலெல்லாம் 'அவுட்' என்ற சொல் புழங்குகிறதே, அது மாதிரி!

எல்லோரும் உடனே ஏற்றுக்கொண்டார்கள் என்றும் சொல்ல முடியாது. பிரான்சில் கூப்பரான் போன்றவர்கள் தங்கள் குறிப்புகளைப் பிரெஞ்சு மொழியிலேயே எழுதினார்கள். பிற்காலத்தில் ஜெர்மனியில் ஷூமனும் ஜெர்மன் சொற்களைப் பயன்படுத்தினார். ஆனாலும் பொது மொழியாக நிலைத்தது இத்தாலியம்தான்.

ஒரு சொல், பல பொருள்

அடுத்த ஊருக்குப் போன சொல் அங்கே அதே பொருளில் இருக்குமா? இருக்கவில்லை.

1683ல் லண்டனில் ஹென்றி பர்செல் தன் சொனாட்டாக்களை வெளியிட்டபோது, ஆங்கிலேயர்களுக்குப் புரியாதே என்று இந்தச் சொற்களுக்கு முன்னுரையில் விளக்கம் கொடுத்தார். அவர் கணக்கில் அடாஜியோவும் கிராவேயும் மிகவும் மெதுவானவை. லார்கோ நடுத்தர வேகம்.

1756ல் லியோபோல்ட் மொசார்ட் (பிரபல மொசார்ட்டின் அப்பா) வயலின் பாடநூல் எழுதினார். அவர் கணக்கில் அடாஜியோ மெதுவானது. லார்கோ அதைவிட மெதுவானது. கிராவே சோகமும் கனமும் கொண்டது, ஆகவே மிக மிக மெதுவானது. எழுபது வருடத்தில் லார்கோ நடுவிலிருந்து அடாஜியோவைத் தாண்டிக் கீழே இறங்கிவிட்டது.

1768ல் தத்துவஞானி ரூசோ தொகுத்த இசை அகராதி வந்தது. அவர் லார்கோ, அடாஜியோ, அண்டான்டே, அலெக்ரோ, பிரெஸ்டோ என்று ஐந்து படிகள் வைத்தார். இதில் லார்கோதான் 'மெது'. அடாஜியோவுக்கு அவர் கொடுத்த பிரெஞ்சுச் சொல்லின் பொருள் 'மிதமான'. பர்செலைத் தலைகீழாகத் திருப்பிப் போட்டது போல இருக்கிறது!

குட்டிச் சொற்கள் இன்னும் மோசம். அண்டான்டினோ என்றால் 'சின்ன அண்டான்டே'. சின்ன அண்டான்டே என்றால் என்ன? அண்டான்டே மெதுவான வேகம் என்று நினைப்பவருக்கு அது கொஞ்சம் குறைந்த மெது, அதாவது வேகம் கூடும். அண்டான்டே நடக்கும் வேகம் என்று நினைப்பவருக்கு அது சின்ன நடை, அதாவது வேகம் குறையும். எடின்பரோவைச் சேர்ந்த ஜார்ஜ் தாம்சன் என்ற பதிப்பாளருக்காக பீத்தோவன் ஸ்காட்லாந்துப் பாடல்களுக்கு இசை அமைத்துக் கொடுத்தார். 1813ல் அவர் தாம்சனுக்கு எழுதிய கடிதத்தில், அண்டான்டினோ என்று எழுதினால் அது அண்டான்டேயைவிட வேகமா மெதுவா என்றும் சேர்த்து எழுதும்படி கேட்டுக்கொண்டார். பீத்தோவனுக்கே குழப்பம் என்றால் மற்றவர்கள் என்ன செய்வார்கள்?

பொதுமக்கள் செய்த குழப்பத்துக்கும் ஒரு உதாரணம் உண்டு. ஹாண்டெல் 1738ல் லண்டனில் மேடையேற்றிய 'செர்சே' ஓபராவில் பாரசீக மன்னன் ஒரு மரத்தின் நிழலைப் புகழ்ந்து பாடுவான். அந்த மெட்டு பிற்காலத்தில் உலகம் முழுவதும் 'ஹாண்டெலின் லார்கோ' என்ற பெயரில் பிரபலமாகிவிட்டது. ஆனால் ஹாண்டெல் எழுதியது லார்கோ அல்ல, லார்கெட்டோ! பெயர் மாறியதும் அது இன்னும் பெரிய, கனமான பக்திப் பாட்டு போல ஆகிவிட்டது.

மெதுவான இசையில் என்ன வேலை?

இவ்வளவு குழப்பம் இருந்தும் அந்தக் காலத்து இசைக்கலைஞர்கள் எப்படிச் சமாளித்தார்கள்? அவர்களுக்கு இந்தச் சொல் ஒரு வேகத்தை அல்ல, வாசிக்கும் விதத்தைச் சொன்னது.

கொரெல்லியின் ஐந்தாம் தொகுதி வயலின் சொனாட்டாக்கள் 1700ல் ரோமில் வெளிவந்தன. அவற்றின் அடாஜியோக்களைப் பார்த்தால் பக்கம் வெறிச்சோடிக் கிடக்கும். நீளநீளமாகச் சில சுரங்கள், அவ்வளவுதான். அப்படியே வாசிப்பதற்காக அவை எழுதப்படவில்லை. ஒவ்வொரு சுரத்துக்கும் இடையே வாசிப்பவர் தன் கற்பனையில் அலங்காரங்களைச் சேர்க்க வேண்டும். சுமார் 1710ல் ஆம்ஸ்டர்டாமில் எத்தியென் ரோஜே என்ற பதிப்பாளர் அதே சொனாட்டாக்களை, கொரெல்லி வாசித்தபடியே என்ற விளம்பரத்தோடு அலங்காரங்களையும் சேர்த்து அச்சிட்டார். வெறுமையாக இருந்த அந்த இடங்களில் சிறு சுரங்கள் நெருக்கமாக ஓடுகின்றன. 'சாவகாசமாக' என்ற சொல்லின் பயன் இப்போது புரிகிறது. அவசரப்படாதே, உனக்கு இடம் இருக்கிறது, உன் திறமையைக் காட்டு என்று அந்தச் சொல் வாசிப்பவரிடம் சொல்கிறது.

எண்ணிக்கையில் சொல்ல முயன்றவர்களும் உண்டு. பிரஷ்ய மன்னர் ஃபிரெடரிக்கின் புல்லாங்குழல் ஆசிரியர் குவாண்ட்ஸ் 1752ல் எழுதிய நூலில் மீண்டும் நாடித்துடிப்புக்குப் போனார். நிமிடத்துக்குச் சுமார் 80 துடிப்பு. அதுவும் எப்போது பார்க்க வேண்டும் தெரியுமா? மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு, உற்சாகமான சுபாவம் கொண்ட ஆரோக்கியமான ஒருவரின் நாடியை! மேற்கத்திய இசையில் ஒரு முழுச் சுரத்தை அரை, கால், அரைக்கால் என்று பிரிப்பார்கள். பாட்டுத்தன்மை கொண்ட அடாஜியோவில் ஒரு துடிப்புக்கு ஒரு அரைக்கால் சுரம் என்றார் குவாண்ட்ஸ். மிக மெதுவான அடாஜியோவில் ஒரு அரைக்கால் சுரத்துக்கு இரண்டு துடிப்பு. ஒரே சொல்லுக்குள்ளேயே இரண்டு மடங்கு வித்தியாசம் இருந்தது என்பது இதிலிருந்து தெரிகிறது.

ஹைடனின் இரண்டு மெதுவான நிகழ்ச்சிகள்

மெதுவான இசையைக் கொண்டு என்னவெல்லாம் செய்யலாம் என்பதற்கு ஹைடனின் வாழ்க்கையிலிருந்து இரண்டு சம்பவங்கள்.

ஹைடன் ஹங்கேரியைச் சேர்ந்த எஸ்தர்ஹாசி பிரபுவிடம் வேலை பார்த்தார். 1772ல் பிரபு தன் கிராமத்து அரண்மனையில் வழக்கத்தைவிட அதிக நாள் தங்கிவிட்டார். இசைக்கலைஞர்களின் குடும்பங்கள் ஊரில் இருந்தன. லீவு கேட்க யாருக்கும் தைரியம் இல்லை. ஹைடன் ஒரு சிம்பொனி எழுதினார். கடைசிப் பகுதி வழக்கம்போல வேகமாகத் தொடங்கும். திடீரென்று நின்று ஒரு அடாஜியோவாக மாறும். அந்த அடாஜியோவில் ஒவ்வொரு கலைஞராகத் தன் பகுதியை முடித்து, மெழுகுவர்த்தியை அணைத்துவிட்டு எழுந்து போவார். கடைசியில் இரண்டு வயலின்கள் மட்டும் மிச்சம். பிரபு விஷயத்தைப் புரிந்துகொண்டு மறுநாளே அனைவரையும் ஊருக்குப் புறப்படச் சொன்னார் என்பது வழிவழியாகச் சொல்லப்படும் கதை. 'பிரிவு சிம்பொனி' என்ற பெயரில் இன்றும் அது வாசிக்கப்படுகிறது. கோஷமில்லாத ஒரு வேலைநிறுத்தம் என்றே சொல்லலாம்!

இரண்டாவது சம்பவம் ஸ்பெயினில். காதிஸ் நகரத் தேவாலயம் ஒன்றிலிருந்து புனித வெள்ளி வழிபாட்டுக்காக ஹைடனிடம் இசை கேட்டார்கள். சுவர்களும் சன்னல்களும் தூண்களும் கறுப்புத் துணியால் மூடப்பட்டிருக்கும். நடுவில் ஒரே ஒரு விளக்கு. சிலுவையில் இயேசு சொன்ன ஏழு வாக்கியங்களில் ஒன்றைப் போதகர் சொல்லி விளக்குவார். பிறகு மண்டியிடுவார். அப்போது இசை. இப்படி ஏழு முறை. ஒவ்வொன்றும் சுமார் பத்து நிமிடம், எல்லாமே மெதுவாக இருக்க வேண்டும். கேட்பவர்களுக்கு அலுப்புத் தட்டாமல் அடுத்தடுத்து ஏழு அடாஜியோ எழுதுவது லேசான வேலையாக இல்லை என்று பின்னாளில் ஹைடன் எழுதினார்.

1786-87ல் அவர் எழுதி முடித்த அந்த ஏழு பகுதிகளின் தலைப்பில் உள்ள சொற்களைப் பாருங்கள்: லார்கோ, பாட்டுத்தன்மையுடன் கிராவே, கிராவே, லார்கோ, அடாஜியோ, லென்ட்டோ, லார்கோ. பொதுவாகப் பேசும்போது எல்லாவற்றையும் அடாஜியோ என்கிறார். இசைத்தாளில் எழுதும்போது மட்டும் ஒவ்வொன்றுக்கும் சொல்லைத் தேர்ந்தெடுத்துப் போடுகிறார். வேகம் மட்டும்தான் விஷயம் என்றால் இந்தத் தேர்வுக்கு அவசியமே இல்லை. ஒன்று கனம், ஒன்று விசாலம், ஒன்று நிதானம். மெதுவிலும் ஏழு விதமாக இருக்கலாம் என்பதைக் காட்டத்தான் இந்தச் சொற்கள் அவருக்கு உதவின.

எந்திரம் வந்தது

1814ல் ஆம்ஸ்டர்டாமில் விங்கல் என்பவர், ஒரே சீராக 'டிக் டிக்' என்று அடிக்கும் சிறிய ஊசல் கருவி ஒன்றை உருவாக்கினார். வியன்னாவைச் சேர்ந்த மெல்ட்செல் அதைப் பார்த்து, எண்கள் குறித்த அளவுகோல் ஒன்றைச் சேர்த்து, 1815ல் தன் பெயரில் காப்புரிமை வாங்கிக்கொண்டார். அதுதான் மெட்ரோனோம். பெயர் மெல்ட்செலுக்கு, உழைப்பு விங்கலுக்கு!

இந்தக் கருவியை உற்சாகமாக வரவேற்றவர்களில் பீத்தோவன் முக்கியமானவர். 1817ல் அவர் தன் எட்டு சிம்பொனிகளுக்கும் மெட்ரோனோம் எண்களை வெளியிட்டார். அதே ஆண்டில் மோசல் என்ற நண்பருக்கு எழுதிய கடிதத்தில், அலெக்ரோ, அண்டான்டே, அடாஜியோ, பிரெஸ்டோ என்ற அபத்தமான பெயர்களைக் கைவிட விரும்புவதாகச் சொன்னார். ஆனால் இசையின் குணத்தைச் சொல்லும் சொற்களை விட முடியாது என்றும் சேர்த்துச் சொன்னார். அவர் பார்வையில் வேகம் உடல் போன்றது, குணம் உயிர் போன்றது.

வேகத்துக்கு எண், குணத்துக்குச் சொல் என்ற பங்கீடு நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் நடந்தது வேறு. பீத்தோவனே அந்தப் பழைய சொற்களை விடவில்லை. மெட்ரோனோம் செய்பவர்களோ சொற்களையும் எண்களையும் ஒரே தகட்டில் அச்சிட்டுவிட்டார்கள். லார்கோ 40 முதல் 60, லார்கெட்டோ 60 முதல் 66, அடாஜியோ 66 முதல் 76, அண்டான்டே 76 முதல் 108 என்பது பல மெட்ரோனோம்களில் காணப்படும் கணக்கு. குணத்தைச் சொன்ன சொல், எண்ணுக்கு ஒரு புனைபெயர் ஆகிவிட்டது.

இந்தத் தகட்டை வைத்து பீத்தோவனையே சோதித்துப் பார்க்கலாம். ஒன்பதாவது சிம்பொனியின் மூன்றாம் பகுதியில் இரண்டு மெட்டுகள் மாறிமாறி வரும். முதலாவது 'மிகவும் அடாஜியோ, பாட்டுத்தன்மையுடன்'. இரண்டாவது 'மிதமான அண்டான்டே'. இவற்றுக்கு பீத்தோவன் 1826ல் கொடுத்த எண்கள் முறையே 60, 63. அவ்வளவுதான் வித்தியாசம், வெறும் மூன்று! தகட்டின்படி பார்த்தால் முதலாவது லார்கோவின் எல்லையில் நிற்கிறது, இரண்டாவது லார்கெட்டோ. அண்டான்டேயை இரண்டும் எட்டவே இல்லை. நிமிடத்துக்கு மூன்று தட்டு வித்தியாசத்தைக் கேட்பவர் காது கண்டுபிடிப்பது கடினம். ஆனால் அந்த இரண்டு மெட்டுகளும் வேறு வேறு உலகம் என்பதை யாரும் கண்டுபிடித்துவிடுவார்கள். முதலாவது அசையாமல் நிற்கிறது, இரண்டாவது நடக்கிறது. அண்டான்டே என்றால் நடப்பதுதானே?

மெது மேலும் மெதுவானது

பீத்தோவனின் எண்களை அடுத்த தலைமுறை பெரிதாக மதிக்கவில்லை. ரிச்சர்ட் வாக்னர் 1869ல் இசைக்குழுவை நடத்துவது பற்றி ஒரு நூல் எழுதினார். தூய்மையான அடாஜியோவை எவ்வளவு மெதுவாக எடுத்தாலும் ஒரு விதத்தில் அது போதாது என்பது அவர் கருத்து. இசை நடத்துநர்கள் (நம்மூர் பஸ் கண்டக்டர்கள் அல்ல!) பலர் இந்த வழியில் போனார்கள். அடாஜியோ என்றாலே ஆழம், தியானம், கடவுள் என்று ஆயிற்று.

விளைவை நிமிடக் கணக்கில் பார்க்கலாம். மேலே சொன்ன அதே மூன்றாம் பகுதி, ஃபுர்ட்வெங்லர் 1951ல் பைராய்த்தில் நடத்திய கச்சேரியின் ஒலிப்பதிவில் 19 நிமிடத்துக்கு மேல் ஓடுகிறது. பீத்தோவனின் எண்களைப் பின்பற்ற முயன்ற ரோஜர் நாரிங்டன் 1987ல் செய்த ஒலிப்பதிவில் சுமார் 11 நிமிடம். சுரங்கள் அதே சுரங்கள். முதல் பதிவு பிரார்த்தனை போலவும் இரண்டாவது மாலை நேரத்து உலா போலவும் கேட்கிறது.

இன்னும் மனதைத் தொடும் கதை மாலருடையது. 1901ன் இறுதியில் குஸ்தாவ் மாலர் அல்மா என்ற பெண்ணைச் சந்தித்தார். 1902ல் திருமணம். அந்தச் சமயத்தில் அவர் எழுதிக்கொண்டிருந்த ஐந்தாவது சிம்பொனியின் நான்காம் பகுதிக்கு 'அடாஜியெட்டோ' என்று பெயரிட்டார். அடாஜியோவின் குட்டி. கம்பி வாத்தியங்களும் ஒரு ஹார்ப்பும் மட்டும். மாலரின் நண்பரும் இசை நடத்துநருமான மெங்கல்பெர்க், தன் இசைத்தாளின் ஓரத்தில் ஒரு குறிப்பு எழுதி வைத்திருந்தார். இது மாலர் அல்மாவுக்கு எழுதிய காதல் கடிதம், சொற்களுக்குப் பதில் இசையை அனுப்பினார், இருவருமே இதைத் தன்னிடம் சொன்னார்கள் என்பது அதன் சாரம். மெங்கல்பெர்க் 1926ல் செய்த ஒலிப்பதிவு சுமார் 7 நிமிடம்தான். மாலரின் உதவியாளராக இருந்த புரூனோ வால்டர் 1938ல் செய்தது சுமார் 8 நிமிடம்.

1968 ஜூனில் சுட்டுக்கொல்லப்பட்ட ராபர்ட் கென்னடியின் இறுதி வழிபாட்டில், நியூயார்க்கில் லெனர்ட் பெர்ன்ஸ்டைன் இதே இசையை நடத்தினார். 1971ல் இத்தாலிய இயக்குநர் விஸ்கோன்டி, வெனிஸில் ஒரு இசைக்கலைஞன் இறந்துபோகும் கதையைப் படமாக்கியபோது அதிலும் இதே இசையைப் பயன்படுத்தினார். அதற்குள் பல ஒலிப்பதிவுகளில் இதன் நீளம் 11, 12 நிமிடம் வரை போய்விட்டது. காதல் கடிதம் இரங்கல் இசை ஆகிவிட்டது. ஒரு சுரம்கூட மாறவில்லை, மாறியது 'மெதுவாக' என்பதன் அளவு மட்டும்தான். இத்தனைக்கும் மாலர் அந்த இத்தாலியச் சொல்லோடு 'மிக மெதுவாக' என்று ஜெர்மனிலும் எழுதியிருந்தார். அவர் காலத்து 'மிக மெது' வேறு, பிற்காலத்து 'மிக மெது' வேறு.

துக்கத்தின் சொல்

இருபதாம் நூற்றாண்டில் அடாஜியோ என்ற சொல்லே துக்கத்தோடு ஒட்டிக்கொண்டது. அமெரிக்கரான சாமுவேல் பார்பர் 1936ல் எழுதிய நால்வர் இசையின் மெதுவான பகுதியை, கம்பி வாத்தியக் குழுவுக்கு ஏற்றபடி மாற்றி அமைத்தார். 1938ல் டோஸ்கனினி அதை வானொலியில் அரங்கேற்றினார். 1945ல் அதிபர் ரூஸ்வெல்ட் இறந்தபோது வானொலியில் ஒலித்தது இதுதான். 2001 செப்டம்பரில் அமெரிக்காவில் நடந்த தாக்குதலுக்குச் சில நாட்கள் கழித்து லண்டன் புரோம்ஸ் விழாவிலும் இதுவே வாசிக்கப்பட்டது.

'ஆல்பினோனியின் அடாஜியோ' என்று உலகமே அறிந்த இன்னொரு இசை இருக்கிறது. அதை எழுதியவர் பதினெட்டாம் நூற்றாண்டின் ஆல்பினோனி அல்ல, 1958ல் அதை வெளியிட்ட ரெமோ ஜியாசோட்டோ என்ற ஆய்வாளர்தான் என்பது பிற்பாடு தெளிவாயிற்று. ஆனாலும் 1992 மே மாதம் சரயேவோ முற்றுகையில், ரொட்டிக்காக வரிசையில் நின்றவர்கள் மீது குண்டு விழுந்து இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தபோது, வேத்ரான் ஸ்மைலோவிச் என்ற செல்லோ கலைஞர் தெருவில் உட்கார்ந்து வாசித்தது அதைத்தான். துப்பாக்கிகள் குறிபார்க்கும் நகரத்தில் திறந்த வெளியில் ஒருவர் அவசரமே இல்லாமல் வாசிக்கிறார். 'சௌகரியமாக' என்ற பொருளில் பிறந்த சொல் வந்து சேர்ந்த இடம் அது.

கடைசியாக...

இந்தக் கதையில் யார் செய்தது தவறு என்று தீர்ப்புச் சொல்வது கடினம். எண் தெளிவானது, ஆனால் அது எத்தனை என்று மட்டும்தான் சொல்லும். சொல் தெளிவில்லாதது, ஆனால் எப்படி என்று சொல்லும். மெட்ரோனோம் தகட்டில் இரண்டையும் ஒன்றாக்கியபோது, 'எப்படி' என்ற கேள்வியைப் பலர் மறந்துவிட்டார்கள். அடாஜியோ என்றால் சாவகாசம், லார்கோ என்றால் விசாலம், கிராவே என்றால் கனம், அண்டான்டே என்றால் நடை. தேர்வுக்கு எண்களை மனப்பாடம் செய்பவர்கள் இந்த நான்கு பொருளையும் சேர்த்து நினைவில் வைத்துக்கொண்டால், இசைத்தாளின் மூலையில் இருக்கும் அந்தச் சிறிய சொல் இன்னும் கொஞ்சம் அதிகமாகப் பேசும்.

நேரம் கிடைப்பவர்கள் மாலரின் அடாஜியெட்டோவை மெங்கல்பெர்க்கின் 1926 ஒலிப்பதிவில் ஒரு முறையும், 1960களுக்குப் பிறகு வந்த ஏதாவது ஒரு பதிவில் இன்னொரு முறையும் கேட்டுப் பாருங்கள். பக்கத்தில் ஒரு கடிகாரம் இருக்கட்டும். எது காதல் கடிதம் என்று யாரும் சொல்லித்தர வேண்டியிருக்காது.